கியரைக் கம்ப்யூட்டர் மாற்றும்... கம்ப்யூட்டரை யார் பார்ப்பது?

(ஆட்டோமொபைல் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, "கவிதை எழுதட்டுமா அண்ணே?" என்றேன். "கவிதை போதும் போதும்னு வந்து குவிஞ்சிருக்குடா. நீ வேற ஏதாவது எழுது" என்று கையெடுத்துக் கும்பிட்டு விட்டார். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது லாரி.

என் அப்பா லாரி டிரைவர். தாத்தா உசிலம்பட்டிப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைக்கு அது தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நண்பர்களே, ஒரு கேள்வி. கிளட்ச் பெடலே இல்லாத லாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆக்சிலேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று, அவ்வளவுதான். கியர் லீவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருகு குமிழோ, சின்னக் குச்சியோ இருக்கும். 'ஆட்டோமேட்டிக் கார்தான் தெரியுமே, இதில் என்ன அதிசயம்?' என்று கேட்பீர்கள். ஐம்பது டன் இழுக்கும் டிரெய்லருக்கு அது வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வரலாமா கூடாதா என்று நம் வகுப்பில் பட்டிமன்றமே நடந்து விட்டது. வரலாம் என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை டிரைவரையும் முதலாளியையும் விட நம்மைத்தான் அதிகம் சேர்ந்தது!

அப்பாவின் இடது முழங்கால்

அப்பா 1998ல் கிளீனராக லாரி ஏறியவர். அவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. வீட்டில் கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாது. பஸ் படி ஏறும்போது வலது காலை முதலில் வைப்பார். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பதுதான்.

ஒருமுறை தேனி லோடுக்கு அவருடன் பழைய வண்டியில் போனேன். சும்மா இருக்காமல், அவர் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறார் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நாகமலை, செக்கானூரணி, உசிலம்பட்டி... ஒவ்வொரு ஊரிலும் வேகத்தடை, பஸ் ஸ்டாப், குறுக்கே போகும் ஆடு. உசிலம்பட்டி வருவதற்குள் கோடுகள் நூறைத் தாண்டி விட்டன. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எண்ணுவதையே விட்டு விட்டேன். இது ஒரு டிரிப்பில் பாதி. அவருடைய இருபத்தைந்து வருஷத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. வரவேற்போம்! டிரைவருக்கும் உடம்பு இருக்கிறது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். வேர்வைக்கு வழி பிறந்தது போல முழங்காலுக்கும் ஒரு வழி வேண்டாமா? ஏ.எம்.டி. என்கிற ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷனை நான் ஆதரிக்கும் முதல் காரணம் இதுதான். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பல பேர் நினைப்பது போல இது 'டார்க் கன்வெர்ட்டர்' போட்ட ஆட்டோமேட்டிக் இல்லை. கியர்பாக்ஸ் நம் லேபில் உள்ளது போல பல் சக்கரங்கள் உள்ளதுதான். கிளட்ச் பிளேட்டும் அதே பிளேட்தான். அதை மிதிக்கும் காலையும், லீவரைத் தள்ளும் கையையும் மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றால் வேலை செய்யும் சிலிண்டர்களை வைத்திருக்கிறார்கள். லாரியில் பிரேக்குக்காக ஏற்கெனவே காற்று இருக்கிறதல்லவா? அதே காற்றுதான். எந்த நேரத்தில் எந்த சிலிண்டருக்குக் காற்று போக வேண்டும் என்பதை சோலினாய்டு வால்வுகள் திறந்து மூடும். அந்த வால்வுகளுக்கு உத்தரவு போடுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன தெரியும்? எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது, கியர்பாக்ஸின் உள்ளே போகும் ஷாஃப்ட் எவ்வளவு, வெளியே வரும் ஷாஃப்ட் எவ்வளவு, டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துகிறார், வண்டி மேடு ஏறுகிறதா பள்ளம் இறங்குகிறதா என்பதெல்லாம் தெரியும். எஞ்சின் கம்ப்யூட்டருடன் அது பேசிக்கொள்வது 'கேன்' என்னும் இரட்டைக் கம்பி வழியாக. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986ல் வெளியிட்ட முறை இது.

ஒரு உதாரணம். 12 கியர் பெட்டி ஒன்றில் 11வது கியரின் விகிதம் 1.27, 12வது 1.00 என்று வைத்துக் கொள்வோம். எஞ்சின் 1500 சுற்றில் ஓடும்போது 11லிருந்து 12க்கு மாற்ற வேண்டும். வண்டி வேகம் மாறாமல் இருக்க வேண்டுமானால் எஞ்சின் எத்தனை சுற்றுக்கு இறங்க வேண்டும்? 1500ஐ 1.27ஆல் வகுங்கள். சுமார் 1180. எனவே கம்ப்யூட்டர் முதலில் எஞ்சினிடம் 'டீசலைக் குறை' என்று சொல்லும். இழுவிசை குறைந்ததும் கிளட்சைப் பிரித்து, கியரை விடுவிக்கும். உள்ளே சுற்றும் ஷாஃப்ட்டை ஒரு சின்ன பிரேக்கால் பிடித்து வேகத்தைக் குறைக்கும். இரண்டும் ஒத்துப் போன நொடியில் கியரைத் தள்ளும். கீழ் கியருக்கு வரும்போது தலைகீழ்: 1100 சுற்றில் இருக்கும் எஞ்சினை 1400 வரை ரேஸ் செய்து, பிறகு சேர்க்கும்.

இதைப் படித்ததும் ஏதாவது நினைவுக்கு வருகிறதா? ஆமாம், நம் பழைய டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டார்களே, அதேதான்! கிளட்ச், நியூட்ரல், ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச், கியர். அப்பாவுக்கு வகுத்தல் கணக்கு வராது. ஆனால் எஞ்சின் சத்தத்தை வைத்தே அந்த 1400ஐக் காதால் பிடித்து விடுவார். கம்ப்யூட்டருக்குக் காது இல்லை, சென்சார் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் புகுத்தியிருப்பது டிரைவர்களின் வித்தைதான். இதை மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இது புதுசு இல்லை. 1980களின் நடுவிலேயே இதன் முன்னோடி மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளில் வந்து விட்டது. வால்வோவின் 'ஐ-ஷிஃப்ட்' 2001ல் வந்தது. இன்று ஐரோப்பாவில் விற்கும் புதிய கனரக லாரிகளில் கிளட்ச் பெடல் உள்ளதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் நாட்டில் முதலில் பஸ்களில் வந்தது. அசோக் லேலண்டின் ஜன்பஸ்ஸில் 'லேமாட்டிக்' என்ற பெயரில் வந்தது. 2017ல் டாட்டா மோட்டார்ஸ், வாப்கோ கம்பெனியுடன் சேர்ந்து ஏ.எம்.டி. பஸ்களைக் கொண்டு வந்தது. இப்போது டிப்பரிலும் டிரெய்லரிலும் வந்து கொண்டிருக்கிறது. 'இதெல்லாம் நம்ம ரோட்டுக்கு ஒத்து வராது மாப்ள' என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: ரோடே இல்லாத நிலக்கரிச் சுரங்கங்களில், நம் நாட்டிலேயே, வால்வோ டிப்பர்கள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன.

தொப்பூரில் கேட்டது

அப்பாவின் முதலாளி இப்படி ஒரு டிரெய்லர் வாங்கினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்து ஓசூருக்குக் கன்டெய்னர் ஓட்டும் வேலை. வண்டியைக் கொடுத்தபோது ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். கூடவே ஒரு தடிமனான புத்தகம், முழுக்க இங்கிலீஷ். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "படிச்சு சொல்லு தம்பி." பரீட்சைக்குக் கூட நான் அப்படிப் படித்ததில்லை!

முதல் வாரம் அப்பா திண்டாடிப் போனார். இடது கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை அழுத்தி, பின்னால் வந்த பஸ்காரரிடம் கடுமையாக வாங்கிக் கட்டிக் கொண்டார். இரண்டாவது மாதம் "இப்ப பழகிருச்சு. ராத்திரி முட்டி குடைச்சல் இல்ல" என்றார்.

போன கோடை விடுமுறையில் நானும் கூடப் போனேன். திரும்பும்போது தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். லாரிக்காரர்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே வயிறு கலங்கும். 2020 டிசம்பர் 12ந் தேதி இங்கே ஒரு லாரி வரிசையாக நின்ற வாகனங்கள் மீது மோதி நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை எத்தனையோ. 'நியூட்ரலில் ஓட்டாதீர்கள்' என்று போலீஸ் போர்டு வைத்து எச்சரிக்கும் இடம்.

அப்பா மேனுவல் மோடுக்கு மாற்றி, கீழ் கியரில் பிடித்து, எஞ்சின் பிரேக் போட்டு நிதானமாக இறக்கினார். "பழைய வண்டின்னா இங்க நியூட்ரல் தட்டிருவாய்ங்க" என்றார்.

"நீங்க போட்டிருக்கீங்களாப்பா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: "டீசல் மிச்சம் காட்டுனா மாசக் கடைசில எரநூறு ரூவா சேத்துக் குடுப்பாய்ங்க. அப்ப நீ கைப்புள்ள."

எனக்குக் கைகால் எல்லாம் சில்லிட்டு விட்டது. இருநூறு ரூபாய்! அந்த இறக்கத்தில், நியூட்ரலில், முப்பது டன்னோடு!

ஏன் அது ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனிங் பிடிப்பை இழக்கும், காற்றும் செலவாகும். ஆனால் இன்னொரு விஷயத்தையும் அன்று அப்பாவிடம் சொன்னேன். புத்தகத்தில் படித்ததுதான். இப்போதைய எஞ்சினில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து விட்டால், இறக்கத்தில் சக்கரமே எஞ்சினைச் சுற்றும். கம்ப்யூட்டர் டீசலை அடியோடு நிறுத்தி விடும். நியூட்ரல் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் ஊற்றியே ஆக வேண்டும். அதாவது அந்த மாதிரி செங்குத்து இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சமே கிடையாது. கியரில் இறங்கினால்தான் மிச்சம்!

"அப்ப கம்ப்யூட்டர் நியூட்ரலே போடாதா?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. போடும். சில ஏ.எம்.டி. லாரிகளில், மிக லேசான சரிவில், எஞ்சின் இழுத்து வேகத்தைக் குறைத்துவிடும் என்ற நிலையில் மட்டும் வண்டியைத் தானாக உருள விடும் வசதி இருக்கிறது. வேகம் குறித்த அளவைத் தாண்டினாலோ, பிரேக்கைத் தொட்டாலோ உடனே கியருக்கு வந்து விடும். நியூட்ரல் என்பது எப்போதும் தப்பு என்றில்லை. எந்தச் சரிவில், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் போடுவதுதான் தப்பு.

ஓமலூர் வரும் வரை அப்பா பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "இத யாராச்சும் இருவது வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷமாக எத்தனை என்ஜினீயர்கள், எத்தனை டிப்ளமோக்காரர்கள் இந்த விஷயத்தைப் படித்து, எழுதி, மார்க் வாங்கி இருப்பார்கள்? அந்த அறிவு ஏன் கேபினுக்குள் ஏறவே இல்லை?

வாடிப்பட்டியில் இரண்டு நாள்

அதே டிரிப்பில்தான் அதுவும் நடந்தது. திண்டுக்கல் தாண்டி, வாடிப்பட்டி அருகே டீ குடிக்க நிறுத்தினோம். திரும்ப ஸ்டார்ட் செய்தால் கியர் விழவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, ஏதோ இங்கிலீஷ் எழுத்து, இரண்டு எண்கள். வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் வண்டி நகராது.

சர்வீஸுக்குப் போன் போட்டு, வேன் வர சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் அப்பா வண்டிக்கு அடியில் போய்க் காது கொடுத்துக் கேட்டிருந்தார். வந்த அண்ணன் லேப்டாப்பை மாட்டினார். "கியர்பாக்ஸ் மேல இருக்கிற யூனிட்டே போச்சு. மாத்தணும். பொருள் வர மூணு நாள் ஆகும்."

அப்பா சொன்னார்: "தம்பி, சேஸிஸ் பக்கம் லேசா காத்துப் போற சத்தம் கேக்குது. ஒரு தடவ பாருங்க."

"அண்ணே, இது பழைய வண்டி இல்ல. இதுல கம்ப்யூட்டர் சொல்றதுதான்."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் செய்த ஒரே வேலை, அந்த இரண்டு எண்களை என் நோட்டில் எழுதிக் கொண்டதுதான்.

மறுநாள் மதியம் இன்னொருவர் வந்தார், கொஞ்சம் வயசானவர். அப்பா சொன்னதைக் கேட்டார். டீக்கடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கித் தண்ணீரில் கலக்கி, காற்றுப் பைப் மேல் ஊற்றினார். ஒரு கிளாம்பு உரசிய இடத்தில் பொங்கிக்கொண்டு குமிழி வந்தது! அந்தத் துண்டை வெட்டி, ஒரு ஜாயின்ட் போட்டார். காற்று ஏறியது. கியர் விழுந்தது. பிரேக் காற்று மீட்டரில் சரியாகக் காட்டியதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லாரியில் பிரேக் காற்றையும் மற்ற காற்றையும் பிரித்து வைக்க நான்கு வழி பாதுகாப்பு வால்வு இருக்கிறது. ஒரு பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்கு உள்ளதைக் காப்பாற்றி விடும். நாம் மூன்று மார்க்குக்குப் படிக்கிறோமே, அதே வால்வுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'பார்த்தீர்களா, கம்ப்யூட்டர் தோற்றது, அனுபவம் ஜெயித்தது!' என்று சிலர் கைதட்டலாம். தட்டாதீர்கள். காலேஜ் திறந்ததும் அந்த எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கனரக வண்டிகளில் பழுதுக் குறியீடு இரண்டு பாகமாக வரும். முதல் எண் எந்த இடம் என்று சொல்லும். இரண்டாவது எண் என்ன மாதிரிப் பழுது என்று சொல்லும். இரண்டாவது எண் 5 என்றால் கரண்ட் போகும் வழி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். 3, 4 என்றால் வோல்ட்டேஜ் கூடுதல், குறைவு. எங்கள் வண்டியில் வந்தது 1. அதற்கு அர்த்தம்: சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, அளந்த அளவுதான் குறைவு. அதாவது, கம்ப்யூட்டர் சொன்னது என்னவென்றால், 'என்னிடம் கோளாறு இல்லை, எனக்குக் காற்று வரவில்லை.' அப்பாவும் அதையேதான் சொன்னார்!

இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லியும் ஒரு நாள் வீணானது ஏன்? கம்ப்யூட்டர் சொன்னதை முழுசாகப் படிக்கவும், டிரைவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவும் நடுவில் ஆள் இல்லை. தொப்பூரில் மேலே இருந்த அறிவு கீழே வரவில்லை. வாடிப்பட்டியில் கீழே இருந்த அறிவு மேலே போகவில்லை. அந்த நடு இடம் யாருடையது? என்ஜினீயர் சென்னையிலும் புனேயிலும் இருக்கிறார். மெக்கானிக் அண்ணனுக்கு லேப்டாப் இல்லை. மிச்சம் இருப்பது நாம்தான், டிப்ளமோக்காரர்கள்!

அந்த இரண்டு நாள் தாமதத்துக்கு அப்பாவின் பேட்டாவில் பிடித்தம் செய்தார்கள் என்பதையும் சொல்லி விடுகிறேன்.

'இனி யார் வேணாலும் ஓட்டலாம்'

இதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. "கியரே இல்ல, ஸ்கூட்டி மாதிரி. இதுக்குப் போயி சீனியர் டிரைவர் சம்பளமா?" என்று ஒரு ஆபீஸில் என் காதுபடவே பேசினார்கள். 

ஐயா, கியர் மாற்றுவது மட்டும்தான் டிரைவர் வேலையா? எந்த இறக்கத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும், லோடு எந்தப் பக்கம் சாய்கிறது, கப்பலூர் பக்கம் குறுக்கே வரும் டூ வீலர் நிற்குமா நிற்காதா... இதையெல்லாம் எந்த சிலிண்டர் தள்ளும்? அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்து லாரி லைசென்ஸ் வாங்கினால், மேனுவல் ஓட்டக் கூடாது என்று லைசென்ஸிலேயே குறித்து விடுவார்கள். அதாவது இரண்டும் வேறு வேறு பழக்கம் என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். நம் ரோட்டில் இன்னும் பல வருஷம் இரண்டு வகை லாரியும் ஓடப் போகின்றன. இரண்டும் தெரிந்த டிரைவருக்குக் கூடுதல் மரியாதை வேண்டும், குறைச்சல் அல்ல.

டீசல் மிச்சம் பற்றியும் நியாயமாகப் பேசுவோம். அப்பா மாதிரிப் பழுத்த டிரைவர் எஞ்சினை எப்போதும் மீட்டரின் பச்சைப் பட்டைக்குள்தான் வைப்பார். அவரை விடப் பெரிதாக ஏ.எம்.டி. மிச்சம் பிடித்து விடாது. புதிதாக வந்தவரை அவருக்குப் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தும். முதலாளிக்கு லாபம் அங்கேதான். அந்த லாபத்தில் ஒரு பங்கு கேபினுக்கு வரட்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

வண்டி விலை கூடுதல், பழுது வந்தால் செலவு அதிகம் என்ற பேச்சும் இருக்கிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாடிப்பட்டியில் எங்களுக்குப் போன செலவு எலக்ட்ரானிக்ஸால் வந்ததல்ல. ஒரு பைப் துண்டை மாற்ற வேண்டிய இடத்தில் முழு யூனிட்டையும் மாற்றச் சொன்ன அரைகுறைப் படிப்பால் வந்தது. 

லாட ஆணியும் காந்தமும்

இந்தத் தொழில் நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911ல் கம்பெனி தொடங்கியது இதே மதுரையில்தான். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து மணி சொன்ன ஊர் இது. 1972ல் பாண்டியன் ரோடுவேஸ் வரும் வரை அந்தப் பஸ்கள் ஓடின. அந்தக் காலத்தில் ரோடு முழுக்க மாட்டு வண்டிகள். மாட்டின் குளம்பில் அடித்த லாட ஆணி கழன்று விழும், பஸ் டயரில் ஏறும், பஞ்சர். இதற்கு டி.வி.எஸ்.காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள்! மாட்டு வண்டிக்காரர்களோடு சண்டைக்குப் போகவில்லை. என் தாத்தாவின் அப்பா வண்டி மாட்டு ஆணி ஒன்றாவது அந்தக் காந்தத்தில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக் கொள்வேன்.

அதே குடும்பத்துக் கம்பெனியாக 1962ல் தொடங்கியது சுந்தரம் கிளேட்டன். லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்தார்கள். அந்தப் பிரேக் பிரிவுதான் பிறகு வாப்கோ இந்தியா ஆனது. 2020ல் வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியது. மேலே சொன்ன ஏ.எம்.டி. பஸ்களுக்குக் கியர் மாற்றும் கருவி தந்தது இந்த வாப்கோதான். மதுரையில் போட்ட விதையின் ஒரு கிளை அங்கே வரை போயிருக்கிறது. மதுரையில் படிக்கும் நமக்கு மட்டும் அது 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்றால் எப்படி?

நாம் என்ன செய்யலாம்?

நம் லேபில் இருப்பது வெட்டித் திறந்து காட்டும் பழைய ஐந்து கியர் பெட்டி ஒன்று. நானும் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறேன், எனக்கு முன் படித்தவர்களும் சுற்றியிருக்கிறார்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: அந்தப் பெட்டியையே ஏ.எம்.டி. ஆக்குவோம்! இரண்டு ஸ்பீடு சென்சார், இரண்டு சோலினாய்டு வால்வு, இரண்டு ஏர் சிலிண்டர், ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு. எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல், மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நாலு பிரிவும் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்யலாம். காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கும் வழக்கத்துக்கும் ஒரு முழுக்குப் போடலாம்.

இரண்டு: டேஷ்போர்டு விளக்குகள், பழுதுக் குறியீடுகளில் அடிக்கடி வருபவை, இறக்கத்தில் நியூட்ரல் ஏன் கூடாது... இவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சடிப்போம். ஆசிரியர்கள் சரிபார்த்துத் தரட்டும். லாரி ஸ்டாண்டுகளில் நாமே போய்க் கொடுப்போம். அச்சுச் செலவு ஒரு கலைநிகழ்ச்சி மைக் செட்டுக்கு ஆகும் செலவை விடக் குறைவு.

மூன்று: வருஷத்துக்கு ஒருமுறை ஒரு லாரி டிரைவரை வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, நாம் கேள்வி கேட்போம். மேடையில் பொன்னாடை வேண்டாம். கையில் நோட்டோடு உட்கார்ந்து கேட்டால் போதும்.

இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நியூட்ரல் விஷயத்தை எடுத்துவிடச் சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. "இருக்கட்டும், நாலு பேர் படிச்சா நல்லதுதான்" என்றார். பிறகு கேட்டார்: "நீ படிச்சு முடிச்சதும் அந்த லேப்டாப் தம்பி மாதிரி வருவியா?"

"வருவேன்ப்பா."

"வந்தா... டிரைவர் என்ன சொல்றாருன்னு மொதல்ல கேளு."

கேட்பேன். நீங்களும் கேட்பீர்களா நண்பர்களே?